கீமோ நடக்கும் குழந்தையை ஊருக்கு அழைத்துச் செல்கிறோம்: தொற்று வராமல் காப்பதும், காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டியதும்

போடி_மலையடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது. இரத்தப் புற்றுநோயில் ஏ.எல்.எல். என்னும் வகை என்று சென்ற ஆண்டு கண்டறியப்பட்டு, மதுரையில் சிகிச்சை நடந்து வருகிறது. இத்தனை மாதங்களும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தோம். அடுத்த தீவிரக் கட்டம் தொடங்கும் வரை ஊரில் இருந்துகொள்ளலாம், ஊசிக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் மட்டும் வந்து போனால் போதும் என்று இப்போது சொல்லியிருக்கிறார்கள். மகள் துள்ளிக் குதிக்கிறாள். எனக்கும் என் மனைவிக்கும் மட்டும், மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருந்தபோது இல்லாத பயம் வந்துவிட்டது.

எங்கள் ஊர் போடிநாயக்கனூருக்கு அருகில் இருக்கிறது. மதுரைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூட்டுக் குடும்பம். என் தாயாரும் அண்ணன் குடும்பமும் உடன் இருக்கிறார்கள். அண்ணனுக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. கொல்லையில் ஆடு, கோழி உண்டு. அடுத்த வீட்டில் பழைய சுவரை இடித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு உறவினர்கள் எல்லோரும் வந்து தங்குவார்கள். குழந்தையைத் தனி அறையில் வைத்து, யாரையும் நெருங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமா? தயிர், பழம் கொடுக்கலாமா? கைக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து போட்டால் இவளுக்கு ஆபத்து என்று வார்டில் ஒருவர் சொன்னாரே, அது உண்மையா? இதே பாதையில் நடந்தவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

மதுவின்_அம்மா எழுதியது:

சகோதரரே, என் மகனும் இதே நோய்க்குச் சிகிச்சை பெற்றவன். இப்போது மெயின்டனன்ஸ் எனப்படும், தீவிரக் கட்டத்துக்குப் பிந்தைய பராமரிப்புக் கட்டத்தில் இருக்கிறான். நாங்கள் இருப்பதும் மருத்துவமனையிலிருந்து வெகு தொலைவில்தான். ஆகையால் தயிரைப் பற்றியும் கோழியைப் பற்றியும் யோசிப்பதற்கு முன், நடு இரவில் காய்ச்சல் வந்தால் எந்த வண்டியில், எந்த மருத்துவமனைக்கு, யாரிடம் போவீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். மகனுக்கு இரவில் காய்ச்சல் வந்து, வழியில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே இருந்தவர்களுக்கு இவன் காய்ச்சலோடு வந்த இன்னொரு குழந்தை, அவ்வளவுதான். சீட்டு வாங்கி வரிசையில் உட்காரச் சொன்னார்கள். பாராசிட்டமால் சிரப் கொடுத்தார்கள். குழந்தை விளையாடுகிறான், சளி இல்லை, காலையில் பார்க்கலாம் என்றார்கள். கீமோ நடக்கிறது என்று நான் அழுதுகொண்டே சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அதன் பிறகு எங்கள் மருத்துவரிடம் சொல்லி, அவருடைய பிரிவின் முத்திரையுடன் ஒரு கடிதம் வாங்கினோம். நோயின் பெயர், எந்தக் கட்டம், கடைசியாகக் கீமோ போட்ட தேதி, மார்பில் போர்ட் (மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கு அடியில் வைத்த கருவி) இருக்கிறது என்ற விவரம், காய்ச்சல் வந்தால் இரத்தம் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) எடுத்துவிட்டு உடனே போட வேண்டிய ஆன்டிபயாடிக்கின் பெயரும் எடைக்கு ஏற்ற அளவும், தசையில் ஊசி போடக் கூடாது என்ற குறிப்பு, அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகிய அனைத்தும் அந்த ஒரே பக்கத்தில் இருக்கின்றன. லேமினேட் செய்து, கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளுடன் ஒரு பையில் போட்டு, கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறோம். அடுத்த முறை அந்தத் தாளை நீட்டியதும் பேச்சே வேறாக இருந்தது. பணியில் இருந்த இளம் மருத்துவர் அதைப் படித்து முடித்த கையோடு நரம்பு ஊசிக்கு ஏற்பாடு செய்தார்.

நீங்கள் ஊருக்குப் போவதற்கு முன்பே கானாவிலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒருமுறை பகலில் போய், குழந்தைகள் பிரிவில் இந்தக் கடிதத்தைக் காட்டி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். தெரிந்த வண்டி ஓட்டுநர் ஒருவரிடமும் முன்கூட்டியே பேசி வையுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108 இருக்கிறது.

---

தஞ்சை_மாமா எழுதியது:

என் தங்கை மகளும் கீமோ எடுத்துக்கொள்கிறாள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் இப்படிப் பதறி ஓடினால் குடும்பம் தாங்காது என்பது என் கருத்து. 100, 101 என்று இருந்தால் பாராசிட்டமால் கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டு, காலை வரை பார்க்கிறோம். பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. இறங்காவிட்டால் மட்டும் மருத்துவமனைக்குப் போனால் போதாதா? மருத்துவமனையில்தானே கிருமிகள் அதிகம்?

---

குழந்தைப்_புற்றுநோய்_மருத்துவர் எழுதியது:

தஞ்சை ஐயாவின் கேள்வியைப் பெற்றோர்கள் பலர் மனத்துக்குள் வைத்திருக்கிறார்கள். வெளிப்படையாகக் கேட்டதற்கு நன்றி. ஆனால் அவர் சொல்லும் முறை மிகவும் ஆபத்தானது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இரத்த வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகைதான் பாக்டீரியாவை எதிர்கொள்ளும் முதல் படை. கீமோ மருந்துகள் புற்றணுக்களோடு சேர்த்து, எலும்பு மச்சையில் உருவாகிக்கொண்டிருக்கும் இந்த அணுக்களையும் அழிக்கின்றன. பல மருந்துகளில், ஊசி போட்ட ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையிலான காலத்தில் இவை மிகத் தாழ்ந்த நிலைக்குப் போகும். பரிசோதனைத் தாளில் மொத்த வெள்ளணு எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். அதை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் வருவதுதான் ஏ.என்.சி. மொத்தம் 1,800, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்று இருந்தால், ஏ.என்.சி. 360. இது 500க்குக் கீழே போய்விட்டால் தொற்றை எதிர்க்கும் ஆற்றல் ஏறக்குறைய இல்லை என்றே கொள்ள வேண்டும். அந்த நிலை எத்தனை நாள் நீடிக்கிறதோ அத்தனைக்கு ஆபத்தும் கூடும்.

இந்த நிலையில் ஒரு குழந்தையிடம் தொற்றின் வழக்கமான அடையாளங்கள் தோன்றுவதில்லை. புண்ணில் சீழ் பிடிப்பதும், சுற்றிலும் சிவந்து வீங்குவதும், நுரையீரலில் சளி கட்டுவதும் பெரும்பாலும் அந்த நியூட்ரோஃபில்கள் வந்து குவிவதால் நடப்பவை. அணுக்களே இல்லாதபோது சீழ் இல்லை, சளி இல்லை. காய்ச்சல் ஒன்றுதான் மிஞ்சும் அறிகுறி. அந்த ஒன்றையும் பாராசிட்டமால் கொடுத்து மறைத்துவிட்டால், இரத்தத்தில் கிருமி பெருகிக்கொண்டிருக்க, குழந்தை தேறிவிட்டது என்று வீட்டில் நிம்மதியாகத் தூங்கிவிடுவார்கள். கிராம்-நெகட்டிவ் வகைக் கிருமிகள் இரத்தத்தில் கலந்தால், மாலையில் விளையாடிய குழந்தை விடிவதற்குள் இரத்த அழுத்தம் வீழ்ந்து அதிர்ச்சி நிலைக்குப் போய்விடக்கூடும். அதனால்தான், கீமோ பெறும் குழந்தை காய்ச்சலோடு வந்தால், வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் நரம்பு வழியாகப் போயிருக்க வேண்டும் என்ற இலக்கை உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். இரத்தப் பரிசோதனை முடிவுக்காகவோ எக்ஸ்-ரேவுக்காகவோ காத்திருக்கக் கூடாது. கல்ச்சருக்கு இரத்தம் எடுப்பது முதலில் நடக்க வேண்டும். அதுவும் தாமதமானால் மருந்துதான் முக்கியம்.

எது காய்ச்சல்? வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும் காய்ச்சல். சிறு குழந்தைகளுக்கு அக்குளில்தான் பார்க்கிறோம். அங்கே சற்றுக் குறைவாகவே காட்டும். ஆகவே தொலைவில் இருப்பவர்களிடம், அக்குளில் 100.4 வந்தாலே கிளம்பிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் பிரிவில் வேறு எண் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். புறங்கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கவே கூடாது.

காய்ச்சலே இல்லாமலும் தொற்று வரலாம். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் ஓடும் வாரங்களில் உடல் சூடேறாமலே போய்விடுவதுண்டு. குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சுருண்டு படுத்திருந்தால், கை கால் சில்லிட்டால், மூச்சு வேகமாக வாங்கினால், சிறுநீர் குறைந்தால், வயிறு கடுமையாக வலிக்கிறது என்று சொன்னால், தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்புங்கள். வலது அடிவயிற்று வலி குடல் சுவரில் தொற்று பரவுவதன் அடையாளமாக இருக்கலாம்.

மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி நீங்களே தொடங்குவதும் வேண்டாம். கல்ச்சரில் கிருமி வளராமல் போவதற்கு ஒரு வேளை மருந்தே போதும். நம் நாட்டு மருத்துவமனைகளில் காணப்படும் கிளெப்சியெல்லா, ஈ. கோலி, சூடோமோனாஸ் கிருமிகளில் பல, சாதாரண மருந்துகளுக்கு அடங்குவதில்லை. எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டறியும் வழியையே அந்த ஒரு வேளை மாத்திரை அடைத்துவிடும்.

போடி நண்பருக்கு: மதுவின் அம்மா சொன்னதுதான் சரியான திட்டம். நேரே மதுரைக்கு ஓட்டாதீர்கள். முதல் டோஸை அருகில் உள்ள பெரிய மருத்துவமனையில் போட்டுக்கொண்டு, இரத்த அழுத்தம் சீராக இருப்பதை உறுதி செய்துகொண்டு, பிறகு பயணம் செய்யுங்கள்.

---

தஞ்சை_மாமா எழுதியது:

விளக்கத்துக்கு நன்றி, டாக்டர். சீழ் ஏன் பிடிக்காது என்பது இதுவரை எங்களுக்கு யாரும் சொல்லாதது. தங்கையிடம் இதை அப்படியே படித்துக் காட்டிவிட்டேன். இன்னும் ஒன்று: உடம்பு வலி என்று குழந்தை அழுதால் பாராசிட்டமால் கொடுக்கவே கூடாதா?

---

குழந்தைப்_புற்றுநோய்_மருத்துவர் எழுதியது:

கொடுக்கலாம், ஆனால் கொடுக்கும் முன் ஒவ்வொரு முறையும் சூட்டை அளந்து எழுதி வையுங்கள். காய்ச்சல் இருந்தால் எங்களை அழைத்த பிறகுதான். இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் இரண்டும் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும் என்பதால் எங்களைக் கேட்காமல் தரவே கூடாது.

---

செவிலியர்_வைகை எழுதியது:

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகள் வார்டில் இருக்கிறேன். வீட்டில் பெற்றோரின் கண் எங்கெங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் வாய். கீமோவுக்குப் பிறகு உதட்டின் உள்பக்கமும் நாக்கின் அடியும் கன்னத்தின் உள்சுவரும் சிவந்து புண்ணாகும். அந்தப் புண் வழியாகவே வாயில் உள்ள கிருமிகள் இரத்தத்துக்குள் போகின்றன. மிக மென்மையான பிரஷ் வாங்குங்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கொப்பளிக்கச் செய்யுங்கள். காலையில் பகல் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். துடைத்தாலும் எளிதில் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சொட்டு மருந்து இருக்கிறது, சொல்லுங்கள்.

அடுத்து, எவரும் பேசக் கூச்சப்படும் இடம். வின்கிரிஸ்டின் என்ற கீமோ ஊசியால் மலம் இறுகும். குழந்தை முக்கி முக்கி மலம் கழிக்கும்போது ஆசனவாயில் சிறு வெடிப்பு விழுந்தால், அணுக்கள் இல்லாத உடம்பில் அதுவே பெரிய தொற்றுக்கு வாசலாகிவிடும். எனிமா கொடுக்கக் கூடாது, மாத்திரை உள்ளே வைக்கக் கூடாது. மலம் இளகுவதற்கான சிரப்பை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உட்காரும்போது வலிக்கிறது என்று குழந்தை சொன்னால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

மூன்றாவது, போர்ட் அல்லது பிக் லைன் (கை நரம்பு வழியாக உள்ளே செலுத்திய மெல்லிய குழாய்). பிக் லைன் போட்ட கையை நனைக்காதீர்கள். டிரெஸ்ஸிங் ஓரம் பிரிந்துவிட்டால் வீட்டு பிளாஸ்டரை ஒட்டிச் சமாளிக்காமல் வந்து மாற்றிக்கொள்ளுங்கள். லைனைத் தொடும் எவரும், அது நானாக இருந்தாலும் சரி, பெரிய மருத்துவராக இருந்தாலும் சரி, கையைச் சுத்தம் செய்துவிட்டு, மூடியை ஸ்பிரிட் பஞ்சால் பதினைந்து விநாடி அழுத்தித் தேய்த்துக் காயவிட்டபின்தான் ஊசிக்குழலைப் பொருத்த வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் “சிஸ்டர், துடைச்சிட்டுப் போடுங்க” என்று தயங்காமல் சொல்லுங்கள். இதைச் சொல்லும் தாய்மார்களை எனக்கு மிகவும் பிடிக்கும். லைனில் மருந்து ஏற்றிய சற்று நேரத்தில் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்தால், கிருமி லைனுக்குள்ளேயே குடியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்த விவரத்தை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கை கழுவுவதைப் பற்றி அனைவரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் சேர்த்துச் சொல்ல விரும்புவது, வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துவிடுங்கள். பிறகு யாரையும் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. உறவினர் மனமும் புண்படாது.

---

கொங்குச்_சமையலறை எழுதியது:

உணவு விஷயத்தில் நாங்கள் மிகக் கண்டிப்பாக இருக்கிறோம். என் மகனுக்குப் பழமே கொடுப்பதில்லை; தயிர், மோர் இல்லை; எல்லாவற்றையும் குக்கரில் மூன்று விசில் விட்டுத்தான் கொடுக்கிறேன். அவன் சாப்பிடவே மறுக்கிறான், எடை குறைந்துகொண்டே வருகிறது. ஆனாலும் பச்சையாக எதையும் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

---

செவிலியர்_வைகை எழுதியது:

அம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் எடை குறைந்துகொண்டே போவதும் தொற்றை வரவழைக்கும். பச்சைப் பொருள் எதுவுமே கூடாது என்ற கட்டுப்பாட்டு உணவையும், சுத்தமாகக் கையாண்ட சாதாரண உணவையும் கீமோ பெறும் குழந்தைகளிடம் ஒப்பிட்டு அமெரிக்காவில் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. தொற்றின் அளவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. உணவைக் கையாளும் விதம்தான் முக்கியம் என்பதே அதன் பொருள்.

வாழைப்பழம், ஆரஞ்சு, மாதுளை போலத் தடித்த தோல் உள்ள பழத்தை, கழுவி, நீங்களே உரித்து, உடனே கொடுங்கள். திராட்சையையும் நறுக்கி வைத்த கடைப் பழத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஆவியில் வெந்த இட்லி, இடியாப்பம், சுடுசோறு, நன்கு வெந்த முட்டை, மீன், கறி எல்லாம் கொடுக்கலாம். தேங்காய்ச் சட்னியை அரைத்த உடனே கொடுங்கள். காலையில் அரைத்தது மாலைக்கு வேண்டாம். இரவில் தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு எவ்வளவு நல்ல உணவாக இருந்தாலும், இந்தக் காலத்தில் வேண்டாம். தயிர் விஷயத்தில் ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதால் உங்கள் பிரிவில் சொன்னபடி செய்யுங்கள். எங்கள் வார்டில், பாலைக் காய்ச்சி வீட்டிலேயே உறையூற்றிய புதுத் தயிரை, ஏ.என்.சி. மிகவும் தாழ்ந்திருக்கும் நாட்களைத் தவிர மற்ற நாட்களில் அனுமதிக்கிறோம். குடிநீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஆற வையுங்கள்; கேன் தண்ணீராக இருந்தாலும் அப்படியே செய்யுங்கள்.

---

குழந்தைப்_புற்றுநோய்_மருத்துவர் எழுதியது:

செவிலியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தக் குழந்தைகளின் இரத்தத்தில் கலக்கும் கிருமிகளில் பெரும்பகுதி, அவர்களுடைய சொந்தக் குடலிலும் வாயிலும் தோலிலும் ஏற்கெனவே வாழ்பவை. கீமோ குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும்போது அவை உள்ளே நுழைகின்றன. எனவே குழந்தையை எவ்வளவு கவனமாகப் பூட்டி வைத்தாலும் காய்ச்சல் வரலாம். வந்தால் அது தாயின் கவனக்குறைவு அல்ல. “என்ன கொடுத்தாய், எங்கே கூட்டிப் போனாய்” என்று வீட்டில் உள்ளவர்கள் தாயை விசாரிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த விசாரணைக்குப் பயந்தே காய்ச்சலை மறைத்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

டெங்கு காலத்தில் நிலவேம்புக் குடிநீர் கொடுக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். 6-மெர்காப்டோபூரினும் மெத்தோட்ரெக்ஸேட்டும் கல்லீரலைச் சோதிக்கும் கீமோ மருந்துகள். அவற்றோடு எந்தக் கஷாயத்தையும் எங்களைக் கேட்காமல் சேர்க்க வேண்டாம். கொசுவலை கட்டுங்கள்.

---

போடி_மலையடிவாரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கடிதம் வாங்கிவிட்டேன், கானாவிலக்குக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தேன். மூன்று சந்தேகங்கள் இன்னும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுச் சுவர் இடிப்பு ஒன்று. வாரத்தில் மூன்று நாள் கொடுக்கச் சொன்ன கோ-டிரைமாக்ஸசோல் மருந்தை, தொற்றே இல்லாதபோது எதற்கு என்று என் தாயார் கேட்கிறார், மகளும் துப்பிவிடுகிறாள். மூன்றாவது, அம்மை. எங்கள் பக்கம் வெயில் ஏறத் தொடங்கினால் ஏதாவது ஒரு வீட்டில் அம்மை போட்டுவிடும்.

---

குழந்தைப்_புற்றுநோய்_மருத்துவர் எழுதியது:

மூன்றும் அவசியமான கேள்விகள். மருந்திலிருந்து தொடங்குகிறேன்.

நிமோசிஸ்டிஸ் என்ற ஒருவகைப் பூஞ்சை, நலமாக இருப்பவர்களை ஒன்றும் செய்வதில்லை. எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகளுக்கு மட்டும் கடுமையான நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் உள்ள செயின்ட் ஜூட் மருத்துவமனையில் வால்டர் ஹியூஸ் குழுவினர் நடத்தி 1977இல் வெளியிட்ட ஆய்வில், வெற்று மருந்து பெற்ற 80 குழந்தைகளில் 17 பேருக்கு இந்த நோய் வந்தது. கோ-டிரைமாக்ஸசோல் பெற்ற 80 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. வாரத்தில் மூன்று நாள் கொடுத்தாலே போதும் என்பதை அதே குழு பத்தாண்டுகள் கழித்து உறுதி செய்தது. தொற்று இல்லாதபோது எதற்கு என்ற உங்கள் தாயாரின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை என்னிடம் இல்லை. துப்பினால் மாத்திரையைப் பொடித்துச் சிறிது தேனில், அல்ல, சர்க்கரைப் பாகில் குழைத்துக் கொடுத்துப் பாருங்கள். காய்ச்சாத தேன் இப்போது வேண்டாம். அப்படியும் முடியாவிட்டால் மாற்று மருந்துகள் உண்டு. நிறுத்தும் முன் எங்களிடம் சொல்லுங்கள்.

சுவர் இடிப்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய சுவரையும் ஈரம் ஊறிய மரத்தையும் உடைக்கும்போது அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் காற்றில் கலக்கும், ஏ.என்.சி. நீண்ட நாள் தாழ்ந்திருக்கும் குழந்தையின் நுரையீரலில் அவை வேர்பிடித்தால் சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். இடிப்பு முடியும் வரை வேறு உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் அதுவே நல்லது. முடியாவிட்டால் அந்தப் பக்கத்துச் சன்னல்களை அடைத்து, துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள். வைக்கோல், எருக்குழி, கோழிக் கொட்டில் பக்கம் குழந்தை போக வேண்டாம். ஆட்டைத் தூரத்தில் நின்று பார்க்கட்டும். யாராவது பூஞ்சைக்கு இட்ராகொனசோல் போன்ற மாத்திரையைப் பரிந்துரைத்தால், வின்கிரிஸ்டின் ஊசி நடப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் நரம்புகளுக்குக் கடும் பாதிப்பு வரக்கூடும்.

அம்மைக்கு வருவோம். நான் சொல்வது சின்னம்மை. கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது பரவத் தொடங்கிவிடும்; எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும் வரை பரவும். வாசலில் வேப்பிலை கட்டும் வழக்கம் நமக்கு இந்த விதத்தில் பெரிய உதவி: வேப்பிலையைக் கண்டால் அந்த வீட்டுக்குக் குழந்தையை அழைத்துச் செல்லாதீர்கள், அங்கிருந்து எவரும் வந்து குழந்தையைத் தூக்கவும் வேண்டாம். அம்மை கண்டவருடன் ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்துவிட்டாலும், அது தெரிந்த அன்றே எங்களை அழையுங்கள். எதிர்ப்புரத ஊசி கிடைத்தால் நான்கு நாட்களுக்குள் போடுவது மிகவும் நல்லது. பத்து நாள் வரையிலும் போடலாம். கிடைக்காவிட்டால், தொடர்பு ஏற்பட்ட ஏழாம் நாளிலிருந்து அசைக்ளோவிர் மாத்திரை கொடுக்கிறோம். குழந்தைக்கே கொப்புளம் வந்துவிட்டால் அது அவசர நிலை. நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவும் முன் நரம்பு வழியாக அசைக்ளோவிர் ஏற்ற வேண்டும். அம்மனுக்கு நேர்ந்துகொள்வதையும் வேப்பிலை விரிப்பதையும் நாங்கள் தடுப்பதில்லை. மருத்துவமனைக்குப் போனால் தெய்வக் குற்றம் என்று மட்டும் காத்திருக்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் இப்போதே பேசி வையுங்கள். கொப்புளம் வந்த இரவில் அந்த வாதத்தைத் தொடங்க நேரம் இருக்காது.

திருவிழாக் கூட்டத்துக்குக் குழந்தையை இந்த ஆண்டு அழைத்துச் செல்லாதீர்கள். வீட்டில் வந்து தங்கும் உறவினர்களில் சளி, இருமல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் வேறு வீட்டில் தங்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுபவர் யாராக இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். உங்கள் தாயாராக இருந்தாலும் சரி.

---

ரகுவின்_தந்தை எழுதியது:

என் மகனுக்குப் புற்றுநோய் இல்லை, எக்ஸ்.எல்.ஏ. என்ற பிறவிக் குறைபாடு. 1952இல் வாஷிங்டனில் ஆக்டன் புரூட்டன் என்ற மருத்துவர், மீண்டும் மீண்டும் நிமோகாக்கஸ் தொற்றுக்கு ஆளான எட்டு வயதுச் சிறுவனிடம் கண்டறிந்த நோய் இது. நியூட்ரோஃபில்கள் பெரும்பாலும் போதிய அளவு இருக்கும்; ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்புரதம்தான் உருவாவதில்லை. அதனால் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறோம். காதில் சீழ், நெஞ்சுச் சளி ஆகியவைதான் எங்கள் எதிரிகள். ஒவ்வொரு முறையும் அரைகுறையாக ஆறவிட்டால் நுரையீரல் குழாய்கள் நிரந்தரமாகப் பழுதாகிவிடும். அடிக்கடி நிமோனியா வரும் ஆண் குழந்தைக்கு, தாய்வழி மாமன்மார் யாராவது சிறு வயதில் தொற்றால் இறந்திருந்தால், இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

போலியோ சொட்டு மருந்து பற்றிப் போடி நண்பர் கேட்ட கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. வாய்வழிச் சொட்டு மருந்தில் இருப்பது வலுக்குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அதைக் குடித்த குழந்தையின் மலத்தில் பல வாரங்கள் அது வெளியேறும். ஆகவே வீட்டில் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தை இருந்தால், மற்றக் குழந்தைகளுக்கு அதைத் தவிர்த்து ஊசி வடிவப் போலியோ மருந்தை முழு அளவில் போட வேண்டும் என்று சொன்னார்கள். என் இளைய மகளுக்கு அப்படித்தான் போட்டோம். வீட்டுக்கு வரும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடமும் முகாமில் இருப்பவர்களிடமும் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.

---

குழந்தைப்_புற்றுநோய்_மருத்துவர் எழுதியது:

ரகுவின் தந்தை சொன்னது சரி. அண்ணன் குழந்தைக்குப் போலியோ தடுப்பையே விட்டுவிடக் கூடாது. சொட்டுக்குப் பதில் ஊசி என்பதுதான் வழி. ஏற்கெனவே சொட்டு போட்டிருந்தால், சில வாரங்கள் அந்தக் குழந்தையின் துணி மாற்றுபவர் சோப்பால் நன்றாகக் கை கழுவட்டும். உங்கள் மகள் அருகில் இருந்து அந்த வேலையைப் பார்க்க வேண்டாம். தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மைத் தடுப்பூசிகளை வீட்டில் உள்ள மற்றக் குழந்தைகளுக்குத் தாராளமாகப் போடலாம், போடவும் வேண்டும். இன்ஃப்ளூயன்ஸா ஊசியை வீட்டில் அனைவரும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்வது நல்லது. உங்கள் மகளுக்கு மட்டும், சிகிச்சை முடியும் வரை உயிருள்ள தடுப்பு மருந்து எதுவும் கூடாது.

---

போடி_மலையடிவாரம் எழுதியது:

டாக்டர், கடைசியாக ஒன்று. அண்ணன் குழந்தைக்கு ஊசியே போட ஏற்பாடு செய்துவிட்டோம். மகளுக்கு அடுத்த ஆண்டு பள்ளி உண்டா? விட்டுப்போன தடுப்பூசிகள் எப்போது?

---

குழந்தைப்_புற்றுநோய்_மருத்துவர் எழுதியது:

தீவிரக் கட்டம் முடிந்து மெயின்டனன்ஸ் தொடங்கியதும், எண்ணிக்கை சீராக இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். வகுப்பில் யாருக்காவது அம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றே உங்களுக்குத் தகவல் தர வேண்டும் என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பள்ளியிலும் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கக் கூடாது என்பதை அதே கடிதத்தில் சேருங்கள். கீமோ முழுவதும் முடிந்து ஆறு மாதம் ஆனபின், உயிருள்ளவை உட்பட விட்டுப்போன தடுப்பூசிகளையும் ஊக்க ஊசிகளையும் முறைப்படி போடுவோம். அந்த மாதம் வரும் வரை தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். முன்பு எவை எவை போடப்பட்டன என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.